அறுபத்து நான்கு கட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாங்கள் ஆறு பேர் கூட்டுச் சேர்ந்து கணினிக்கு எதிராகச் சதுரங்கம் ஆடி வருவதைச் சென்ற இதழில் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நான்கு வரியைப் பற்றியவை. தொடக்க ஆட்டங்கள் பற்றிய வழக்கமான கேள்விகளை அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக்ஃபிஷ் என்ற பெயரை அடிக்கடி சொல்கிறீர்கள். அது எந்த நிறுவனத்தின் பொருள்? விலை என்ன?
(ஒரு வாசகர், தாரமங்கலம்)

விலை இல்லை. நிறுவனமும் இல்லை. அது சதுரங்கம் ஆடும் கணினி நிரல். ஸ்டாக்ஃபிஷ் என்றால் கருவாடு. கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். நார்வேப் பக்கம் உப்புப் போடாமல் குளிர்காற்றில் காய வைக்கும் மீனுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நார்வேக்காரரான டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய குளோரங் என்ற நிரலை எடுத்து, இத்தாலிக்காரரான மார்கோ கோஸ்டால்பா 2008இல் புதிதாக வளர்க்கத் தொடங்கினார். நார்வேயில் பிடித்து இத்தாலியில் சமைத்தது என்பதால் மீன் பெயரை வைத்துவிட்டார்கள். எங்கள் குழுவிலும் அதற்குக் கருவாடு என்றே பெயர். “கருவாடு என்ன ஆடியது?” என்று நாங்கள் கூடும் கொலுசுப் பட்டறைக்குள்ளிருந்து சத்தமாகக் கேட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தம் சொல்லலாம். திருத்தம் நல்லதா கெட்டதா என்பதை வாயால் பேசித் தீர்ப்பதில்லை. பழைய கருவாட்டையும் திருத்திய கருவாட்டையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். அத்தனை ஆட்டத்துக்கும் வேண்டிய கணினி நேரத்தை உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளிலிருந்து 2013 முதல் கொடுத்து வருகிறார்கள். 2018இல் வந்த லீலா என்ற இன்னொரு நிரலும் இப்படிப் பலர் சேர்ந்து வளர்த்த பிள்ளைதான். மனிதர்கள் ஆறு பேர் திரண்டுவிட்டோம் என்று நாங்கள் மார்தட்டும்போது, பலகைக்கு அந்தப் பக்கம் எங்களைவிடப் பெரிய கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குச் சண்டை போடாமல் சேர்ந்து வேலை செய்யத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த பதிலில் அந்தக் கதைதான்.

எங்கள் விடுதியில் பத்துப் பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, இணையத்தில் கணினியை எதிர்த்து நாளுக்கு ஒரு நகர்த்தல் வீதம் ஆடினோம். பெரும்பான்மை ஓட்டு விழும் நகர்த்தலை ஆடுவது என்று விதி. இருபத்தொன்பதாவது நகர்த்தலில் தோற்றோம். எங்களில் சிலர் தனியாக ஆடியபோதுகூட இவ்வளவு கேவலமாகத் தோற்றதில்லை. பத்து மூளை சேர்ந்தால் பலம் கூட வேண்டாமா?
(கல்லூரி மாணவர், ஓமலூர்)

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். நாங்கள் உங்களைவிட மோசம். கருவாட்டிடமிருந்து ஒரு குதிரையை முன்கூட்டியே பிடுங்கி வைத்துவிட்டு ஆடி, இருபத்து நான்காவது நகர்த்தலில் தோற்றவர்கள்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆர்.எம்.எஸ்.ஸில், ரயில் தபால் பிரிக்கும் வேலையில், முப்பத்தோரு ஆண்டு நின்றே கழித்தவன். பட்டறைக்காரர் வெள்ளிக் கொலுசு செய்பவர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவருடைய பட்டறையின் பின்கட்டுதான் எங்கள் மன்றம். அம்மாபேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வருவார். குகையில் தையல் கடை வைத்திருப்பவர் ஒருவர். எங்களில் மிக வேகமாக ஆடுபவர், மிக வேகமாகத் தோற்பவரும் அவர்தான். பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி. கருவாடு குடியிருப்பது அவளுடைய மடிக்கணினியில். ஆறாவது ஆள், ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் ரைட்டர், அதாவது கணக்கெழுதுபவர். இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாள்களில் கைப்பேசிக் குழு. மலையில் மேகம் இறங்கும் நாள்களில் அவருக்குச் சிக்னல் கிடைக்காது. அவருடைய அருமையான யோசனை, நாங்கள் தவறாக ஆடி முடித்த மறுநாள் காலையில் வந்து சேரும்.

கருவாட்டுக்கு ராணிப் பக்கக் குதிரை கிடையாது, நகர்த்தலுக்கு ஒரு நிமிடம்தான். எங்களுக்கு முழுதாக ஒரு நாள், வெள்ளைக் காய். வீட்டில் வேறு கணினியைக் கேட்கக் கூடாது. மற்றபடி உங்களைப் போலவே ஓட்டுதான்.

ஓட்டில்தான் வழுக்கினோம். பதின்மூன்றாவது நகர்த்தலுக்கு, ராஜா பக்கச் சிப்பாயை முன்னே தள்ளித் தாக்கலாம் என்று நான்கு ஓட்டு விழுந்தது. தள்ளினோம். மறுநாள் ரைட்டர் மேகத்துக்குள் இருந்தார். வாத்தியாருக்கு இரவில் பயம் வந்து மனம் மாறியிருந்தது. தற்காப்பு ஜெயித்தது. அதற்கடுத்த நாள் மறுபடி தாக்குதல் ஜெயித்தது. அதற்குள் அந்தச் சிப்பாய்க்குத் துணை போக வேண்டிய யானை வேறு பக்கம் போய்விட்டது. ஒவ்வொரு நகர்த்தலையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. சேர்த்துப் பார்த்தால், ஆளுக்கொரு நாள் அளவெடுத்து ஆறு பேர் தைத்த சட்டை. இதைச் சொன்னவர் தையல்காரர்.

இன்னொன்றும் கவனித்தேன். குழுவில் முதலில் யார் யோசனை சொல்கிறாரோ அவர் பின்னாலேயே மற்றவர்கள் போய்விடுவார்கள். விடிகாலையில் எழுந்து முதலில் சொல்பவர் தையல்காரர். ஆறு மூளை என்று பெயர். பல நாள்களில் அவருடைய ஒரு மூளைதான் ஆடியது, அதுவும் பல் துலக்குவதற்கு முன்னால்.

இவ்வளவு நடந்தும் இருபதாவது நகர்த்தல் வரை நாங்கள் சாகவில்லை. ஒரு குதிரை அதிகமாக இருந்ததே! இருபத்தோராவதில் மந்திரி எங்களைக் கொன்றார்.

எந்த மந்திரி என்பதுதான் பிரச்சினை. எங்கள் தலைமுறையில் பலருக்கு ராஜாவின் பக்கத்தில் நிற்கும் பெரிய காய்தான் மந்திரி. ராணி என்ற பேச்சே வீட்டில் கிடையாது. இப்போது பள்ளிக்கூடத்தில் கற்கும் பிள்ளைகளில் பலருக்கு மந்திரி என்றால் குறுக்கே போகும் பிஷப். யானையைக் கோட்டை என்பவரும் எங்கள் குழுவில் உண்டு. அன்றைக்கு எங்கள் ராணி ஜி3 என்ற கட்டத்தில், பிஷப் சி1இல், இரண்டுமே ஜி5க்குப் போகலாம். கருப்பின் பிஷப் இ7இல் நின்றுகொண்டு ஜி5ஐக் காவல் காத்தது. நம் பிஷப்பைக் கொண்டுபோய் நிறுத்தி அந்தக் காவல்காரனோடு மாற்று வெட்டு வெட்டுவது என்று தீர்மானம். நல்ல தீர்மானம், ஒரு காய் கூடுதலாக வைத்திருப்பவன் மீதிக் காய்களை வெட்டிக் கழிக்கத்தான் பார்க்க வேண்டும். மாணவிக்கு அன்று தேர்வு. “மந்திரி ஜி5 என்று போட்டுவிடு” என்று வீட்டிலிருந்த தம்பியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவன் தாத்தாவிடம் ஆடக் கற்றவன். ராணியை எடுத்து ஜி5இல் வைத்தான். கருவாடு ஒரு நிமிடம்கூட யோசித்திருக்காது.

தொட்ட காயை ஆட வேண்டும் என்பது எங்கள் மன்றத்தின் பழைய விதி. பையன் தொட்டுவிட்டான். மூன்று நாள் இழுத்துப் பார்த்துவிட்டுச் சரணடைந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டுவடை செட் வாங்கி வந்தும் யாரும் சாப்பிடவில்லை.

அப்போதுதான் எனக்கு என் பழைய கார்டுகள் நினைவுக்கு வந்தன. பதினைந்து காசுக் கார்டு காலத்தில் தபால் வழியே சதுரங்கம் ஆடியவன் நான். பன்னாட்டுத் தபால் சதுரங்கத்தில் காய்க்குப் பெயரே கிடையாது, எண் மட்டும்தான். இடமிருந்து வலமாக எட்டு வரிசைக்கும் ஒன்று முதல் எட்டு. கீழிருந்து மேலாகவும் ஒன்று முதல் எட்டு. புறப்படும் கட்டத்துக்கு இரண்டு எண், சேரும் கட்டத்துக்கு இரண்டு எண். ராஜாவின் முன்னால் இருக்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் 5254. ரஷ்யாக்காரருக்கும் ராசிபுரத்துக்காரருக்கும் ஒரே பாஷை. எனக்கு எதிராக ஆடியவருடைய ஊர்த் தபால்காரர் அதை லாட்டரி எண் என்று நினைத்து டிக்கெட் எடுத்துப் பார்த்தாராம். பரிசு விழவில்லை. எங்கள் குழுவும் அன்றிலிருந்து எண்ணுக்கு மாறியது. பிஷப் என்றால் 3175. ராணி என்றால் 7375. மந்திரிப் பஞ்சாயத்து அத்தோடு முடிந்தது.

ஓட்டையும் ஒழித்தோம். யோசனை ரைட்டருடையது. “தோட்டத்தில் ஐம்பது பேர் கவ்வாத்து வெட்டுவார்கள். எந்தக் கிளை போக வேண்டும் என்பதை ஐம்பது பேரிடமும் கேட்டால் செடி மிஞ்சாது. அதற்குத்தான் கங்காணி” என்றார். ஆகவே வாரத்துக்கு ஒரு கங்காணி. முடிவு அவருடையது, மற்றவர்கள் வாதாடலாம், ஓட்டுப் போட முடியாது. தையல்காரரின் விடிகாலை ஆட்சிக்கும் ஒரு முடிவு கட்டினோம். ஆறு பேரும் தங்கள் நகர்த்தலை முதலில் கங்காணிக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டும். ஆறும் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் குழுவில் உறையைப் பிரிப்பார். அந்தக் காலத்தில் ஆட்டத்தை மறுநாளுக்கு ஒத்திவைத்தால் அடுத்த நகர்த்தலை எழுதி உறையில் ஒட்டி நடுவரிடம் கொடுப்பார்களே, அந்த வழக்கம்தான். உறை என்றதும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, ஒருவர் கருவாட்டின் வக்கீல். எங்கள் யோசனை எதுவானாலும் அதை உடைக்க வழி தேடுவது மட்டுமே அவர் வேலை. சொந்தமாக எதையும் பரிந்துரைக்கக் கூடாது. இந்த வேலைக்கு வாத்தியாரைப் போல ஒருவர் அமையமாட்டார். முப்பது ஆண்டுகள் விடைத்தாளில் தப்புத் தேடியவர் அல்லவா!

இரண்டாவது ஆட்டம், அதே குதிரைச் சலுகையோடு. தாக்குதலே வேண்டாம் என்று கங்காணிகள் ஒருவர் பின் ஒருவராகக் கட்டுப்பாட்டோடு காய்களை வெட்டிக் கழித்தார்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரம் மட்டும் விடுமுறை. பார்ப்பதற்கு அலுப்பான ஆட்டம். ஐம்பத்தெட்டாவது நகர்த்தலில் ஜெயித்தோம். பட்டறைக்காரர் கொலுசு நிறுக்கும் தராசில் அந்தக் குதிரையை வைத்து எடை போட்டுப் பார்த்தார்.

சலுகை இல்லாமல் சரிசமமாக ஆடிய ஆட்டம் மூன்று. மூன்றிலும் தோல்வி. அதற்குக் கங்காணி முறையும் மருந்தாகாது. கருவாட்டின் பலம் அப்படிப்பட்டது. ஆனால், நாங்கள் எங்களாலேயே தோற்பது நின்றுவிட்டது. இப்போதெல்லாம் கருவாடு எங்களைத் தோற்கடிக்கிறது. ஓமலூரில் நீங்களும் முதலில் ஒரு குதிரையைக் கேட்டு வாங்குங்கள், ஓட்டுப்பெட்டியைத் தூக்கிப் போடுங்கள்.

காஸ்பரோவ் ஒரு முறை உலகம் முழுவதையும் எதிர்த்து ஆடினார் என்கிறார்களே, உண்மையா? அதிலும் ஓட்டுதானே?
(ஓர் ஆசிரியை, ஆத்தூர்)

உண்மை. 1999 ஜூன் மாதம் தொடங்கி அக்டோபரில் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் நடத்தியது. 75க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 50,000க்கும் அதிகமானவர்கள் கலந்துகொண்டார்கள். நகர்த்தலுக்கு, அப்போது உலகின் முதல் நிலை ஆட்டக்காரராக இருந்த காஸ்பரோவுக்கு ஒரு நாள், உலகத்துக்கு ஒரு நாள். உலகத்துக்கு யோசனை சொல்ல நான்கு இளைஞர்களை நியமித்திருந்தார்கள். அவர்களில் பதினைந்து வயது இரினா க்ரஷ் என்ற அமெரிக்கப் பெண்தான் உண்மையான கங்காணி. பதவி கொடுக்காமலேயே கங்காணி ஆனவர். பத்தாவது நகர்த்தலில் ராணியை இ6இல் வைக்கும் புது யோசனை அவர் வழியே வந்தது; ஆட்டமே அங்கிருந்துதான் சுவாரசியமானது. தன் வாழ்நாளில் வேறெந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைத்ததில்லை என்று காஸ்பரோவ் பின்னால் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அம்மா, கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். ஐம்பத்தெட்டாவது நகர்த்தலில் மின்னஞ்சல் தாமதத்தால் இரினாவின் பரிந்துரை நேரத்துக்கு வந்து சேரவில்லை. உலகம் வேறு நகர்த்தலுக்கு ஓட்டுப் போட்டுவிட்டது. எங்கள் ஏற்காடு ரைட்டரின் கதைதான், உலக அளவில். கோபம் கொண்ட சிலர் அடுத்த நகர்த்தலில் ராணியையே தானம் செய்யும் யோசனைக்குக் கள்ள ஓட்டுக் குத்த, நடத்தியவர்கள் அதைச் செல்லாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அறுபத்திரண்டாவது நகர்த்தலோடு உலகம் சரணடைந்தது. சரணடைவதற்கு விழுந்த ஓட்டு 51 சதவீதம். இது நம் ஊர் இடைத்தேர்தல் போலவே இருக்கிறது என்று எழுத நினைத்தேன், எழுதவில்லை.

காஸ்பரோவ் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். உலக அணியின் விவாதங்கள் எல்லாரும் பார்க்கும்படி பொதுவில் நடந்தன. அவரும் அவற்றைப் படித்து வந்தார். அந்த விதத்தில் கருவாடு கண்ணியமானது. மடிக்கணினியின் பக்கத்திலேயே நாங்கள் கத்திப் பேசினாலும் ஒட்டுக் கேட்பதில்லை.

2024இல் ஆனந்த் ஏறத்தாழ 70,000 பேரை எதிர்த்து ஆடி ஜெயித்தார். அடுத்த ஆண்டு நார்வேயின் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனை எதிர்த்து 1,43,000க்கும் அதிகமானவர்கள். அது பின்வரிசைக் காய்களின் இடத்தைக் குலுக்கிப் போட்டு ஆடும் ஆட்டம். 2025 ஏப்ரலில் தொடங்கி, மே மாதம் கூட்டம் தொடர்ந்து செக் வைத்துக்கொண்டே போய், முப்பத்திரண்டாவது நகர்த்தலில் டிரா செய்தது. திரும்பத் திரும்ப ஒரே செக்குக்கு ஓட்டுப் போடும்போது கூட்டத்துக்குள் கருத்து வேறுபாடு வராது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கார்ல்சனிடம் டிரா வாங்குவது லேசா?

மனிதனும் கணினியும் ஒரே அணியில் ஆடினால் தனிக் கணினியை ஜெயிக்கலாமா?
(வெள்ளி வியாபாரி, சேலம்)

ஒரு காலத்தில் ஜெயித்தார்கள். ஆரம்பித்து வைத்தவரும் காஸ்பரோவ்தான். 1998இல் ஸ்பெயின் நாட்டின் லியோன் நகரத்தில், ஆளுக்கொரு கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல்கேரியாவின் டோபலோவோடு ஆடினார். 3–3 என்று சமமாக முடிந்தது. அதற்கு முந்தைய மாதம் கணினி இல்லாமல் அதே டோபலோவை 4–0 என்று அடித்திருந்தவர் அவர். மறு ஆண்டு லியோனில் நம் ஆனந்த், முன்னாள் உலக சாம்பியன் கார்ப்போவை 5–1 என்று அடித்தார். கணினியைக் கேட்கத் தெரிவதும் ஒரு கலை; அது ஆனந்துக்குக் கைவந்தது.

எனக்கு மிகப் பிடித்தது 2005இல் நடந்த போட்டி. இணையத்தில், யார் வேண்டுமானாலும் எத்தனை பேராகவும் எத்தனை கணினியோடும் சேர்ந்து வரலாம் என்று அறிவித்தார்கள். கிராண்ட்மாஸ்டர்கள் வந்தார்கள். ஹைட்ரா என்ற ராட்சதக் கணினி வந்தது. கடைசியில் கோப்பையை வாங்கியது ஸாக்எஸ் என்ற பெயரில் ஆடிய ஓர் அணி. யாரென்று பார்த்தால் ஸ்டீவன் க்ராம்டன், ஸாக்கரி ஸ்டீஃபன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். இருவரின் தரப்புள்ளி 1685, 1398. சேலம் மாவட்டப் போட்டிக்கு வந்தால் நம் பிள்ளைகளிடம் மூச்சுத் திணறும் தரம். கையில் இருந்தவை சாதாரணக் கணினிகள். ஒரே நிரலை நம்பிவிடாமல், பல நிரல்கள் சொல்வதை ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் முறை. சதுரங்கம் சுமாராகத் தெரிந்தவர்கள். எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்தவர்கள்.

இன்றைக்கு அந்த வித்தை செல்லாது. தபால் சதுரங்கத்தின் பன்னாட்டுப் போட்டிகளில் இப்போது கணினி உதவி அனுமதிக்கப்பட்டிருக்கிறது; மேல்மட்டத்தில் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் டிராவில் முடிகிறது. இரு பக்கமும் ஒரே கருவாட்டைக் கேட்டு ஆடினால் வேறென்ன நடக்கும்? என் கார்டுகளைப் பரணிலேயே வைத்திருக்கிறேன்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. இணையத்தில் ஆடும்போது இன்னொரு கைப்பேசியில் கணினியைக் கேட்டுக் கேட்டு ஆடி ஜெயிக்கிறான். கேட்டால், “நீங்கள் மதிக்கும் அந்தத் தாத்தாவும் கூட்டாகத்தானே ஆடுகிறார்” என்கிறான். என்ன சொல்வது?
(ஒரு தாய், எடப்பாடி)

தாத்தா எதிராளிக்குத் தெரிந்து கூட்டுச் சேர்கிறார், நீ தெரியாமல் சேர்கிறாய் என்று சொல்லுங்கள். எல்லாரும் கணினி கொண்டுவரலாம் என்ற போட்டியில் கொண்டுவந்தால் அது ஆட்டம். கொண்டுவரக் கூடாது என்ற இடத்தில் கொண்டுவந்தால் அது திருட்டு. இணைய ஆட்ட நிறுவனங்களும் கண்டுபிடித்துக் கணக்கை மூடிவிடுகின்றன.

பையனை மட்டும் திட்டிப் பயனில்லை. பெரியவர்களுக்கும் சபலம் உண்டு. எங்கள் முதல் ஆட்டத்தில் பதினேழாவது நகர்த்தலுக்கு ஒருவர் ஒரு யோசனை அனுப்பினார். பார்த்தவுடன் எல்லாரும் வாயடைத்துப் போனோம், அவ்வளவு அழகு. “ஏன் இது?” என்று மாணவி கேட்டாள். அவர் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார், அழித்தார். கடைசியில் பேரனின் கைப்பேசியில் பார்த்ததாக ஒப்புக்கொண்டார். எங்கள் குழுவிலேயே வயதில் மூத்தவர், அதற்கு மேல் சொல்லமாட்டேன். பிற்பாடு அவரே மிகக் கண்டிப்பான வக்கீலாகிவிட்டார். உங்கள் மகன் ஜெயித்த ஆட்டம் ஒன்றை எடுத்து, பலகையில் அடுக்கி, நடுவில் ஒரு நகர்த்தலைக் காட்டி “ஏன் இது?” என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குச் சதுரங்கம் தெரிய வேண்டியதில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் போதும்.

கணினியை மனிதன் கடைசியாக நேருக்கு நேர் எப்போது ஜெயித்தான்?
(ஒரு வாசகர், மேட்டூர்)

எல்லாரும் நினைவில் வைத்திருப்பது 1997 மே மாதம், நியூயார்க். விநாடிக்கு இருபது கோடி நிலைகளைப் பார்த்த, ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினியான டீப் புளூவிடம் காஸ்பரோவ் 2.5–3.5 என்று தோற்றார். அதோடு கதை முடியவில்லை. 2002, 2003இல் க்ராம்னிக்கும் காஸ்பரோவும் கணினிகளோடு சமன் செய்தார்கள். 2005இல் ஹைட்ராவிடம் இங்கிலாந்தின் மைக்கேல் ஆடம்ஸ் 0.5–5.5 என்று அடிவாங்கினார். அதே ஆண்டு நவம்பரில் ஸ்பெயினின் பில்பாவோவில் உக்ரைனின் பொனோமரியோவ், ஃபிரிட்ஸ் என்ற நிரலை ஓர் ஆட்டத்தில் ஜெயித்தார். அதைத்தான் முறையான நேரக் கணக்கில் கிடைத்த கடைசி வெற்றி என்று பலரும் சொல்கிறார்கள். மறு ஆண்டு ஜெர்மனியின் பான் நகரில் உலக சாம்பியன் க்ராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற நிரலோடு ஆடும்போது ஒரே நகர்த்தலில் விழும் செக்மேட்டைக் கவனிக்காமல் ராணியை வேறு வேலைக்கு அனுப்பித் தோற்றார். ஜி5இல் ராணியை வைத்த எங்கள் பையனுக்கு அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். சிரித்தான். ஒரு மாதமாகப் பட்டறைப் பக்கம் வராமல் இருந்தவன் மறு ஞாயிறு வந்துவிட்டான்.

உங்கள் குழுவில் சேரலாமா?
(நான்கு கடிதங்கள்: சங்ககிரி, வாழப்பாடி, ஏற்காடு, சேலம்)

ஏற்காட்டுக்காரர் கண்டிப்பாகச் சேரலாம். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் எங்கள் ரைட்டர் தலை நிமிர்வதில்லை. மலைக்கு ஒரு மாற்று ஆள் தேவை. உங்கள் வீட்டில் எந்த ஜன்னலில் சிக்னல் கிடைக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மற்ற மூவரும் ஒரு ஞாயிறு மாலை வந்து பாருங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் கருவாடு எங்கே என்று கேட்டால் யாராவது வழி காட்டுவார்கள். வருமுன் எண் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். மந்திரி என்ற சொல்லைப் பட்டறைக்குள் சொன்னால் எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும்.

இந்த முறை சலுகையைக் குறைத்திருக்கிறோம். குதிரை வேண்டாம், இரண்டு சிப்பாய் மட்டும் போதும் என்று மாணவி பிடிவாதம் பிடித்தாள். இந்த வாரக் கங்காணி தையல்காரர். 5254 என்று போட்டிருக்கிறார். 5755 என்று பதில் வந்திருக்கிறது.